மீனுக்கு எத்தனை சதுர அடி?

மும்பையில் எதற்கும் முதல் கேள்வி சதுர அடிதான். மாப்பிள்ளைக்கு வேலை என்ன என்று கேட்ட கையோடு, வீடு எத்தனை சதுர அடி என்று பெண் வீட்டார் கேட்டுவிடுவார்கள். அரசாங்கமும் அதே பாஷையில்தான் பேசுகிறது. குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டத்தில் 1995ல் ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி என்று வைத்தார்கள். பின்னர் அது 269 ஆயிற்று, அப்புறம் 300. தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 350 சதுர அடி என்று 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. மனிதன் கால் நீட்டிப் படுக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது இந்த நகரத்தில் பல ஆண்டுகளாக நடக்கும் பேரம்.

இப்படி அங்குலம் அங்குலமாகக் கணக்குப் பார்க்கும் ஊரில், கணக்கே பார்க்காமல் வீட்டுக்குள் வந்துவிடும் ஜீவன் ஒன்று உண்டு. அது வண்ண மீன். குர்லாவிலோ கிராஃபோர்டு மார்க்கெட்டிலோ பாலிதீன் பையில் இரண்டு அங்குல ஆஸ்கர் குஞ்சைக் கட்டிக் கொடுக்கும்போது, "எவ்வளவு பெரிசாகும்?" என்று யாராவது கேட்டால் கடைக்காரரிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் சார் வளரும்."

வாங்குபவருக்கும் இந்தப் பதில் பிடித்துப்போகிறது. அறைக்குத் தகுந்தாற்போல் தன்னைக் குறுக்கிக்கொண்டு வாழப் பழகியவர் அவர். மீன் மட்டும் பழகாதா என்ன?

பழகாது என்பதுதான் சிக்கல்.

ஆஸ்கர், ஃபிளவர்ஹார்ன், ஜாக் டெம்ப்ஸி, ரெட் டெவில், கிரீன் டெரர் ஆகியவை எல்லாமே சிக்லிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயர்தான் புதிதே தவிர, குடும்பம் தமிழர்களுக்குப் பழக்கமானதே. 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, குளம் குட்டையெல்லாம் நிறைந்துவிட்ட ஜிலேபிக் கெண்டை ஒரு சிக்லிட். 2010ல் கேரளம் மாநில மீனாக அறிவித்த கரிமீன் இன்னொன்று. பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களுக்குக் கரிமீனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

தொட்டிக்காக விற்கப்படுபவை பெரும்பாலும் தென், மத்திய அமெரிக்க ஆறுகளிலும் ஏரிகளிலும் தோன்றிய வகைகள். ஆஸ்கரின் ஊர் அமேசான் படுகை. ரெட் டெவில் நிகராகுவா நாட்டு ஏரிகளைச் சேர்ந்தது. ஜாக் டெம்ப்ஸிக்கு அந்தப் பெயர் வந்த காரணமே ஓர் எச்சரிக்கை. 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை வைத்திருந்த அமெரிக்க வீரரின் பெயர் அது. ஃபிளவர்ஹார்ன் எந்த ஆற்றிலும் பிறந்ததல்ல. மத்திய அமெரிக்க சிக்லிட்களைக் கலந்து 1990களில் மலேசியாவில் உருவாக்கிய கலப்பினம். நெற்றியில் புடைத்த மேடும், உடலில் சீன எழுத்துப் போன்ற கறுப்புப் புள்ளிகளும் அதிர்ஷ்டம் என்று கிழக்காசியாவில் நம்பினார்கள். நம் ஊரில் அதுவே 'வாஸ்து மீன்' ஆகிவிட்டது.

ஆஸ்கர் நல்ல தீனியில் முதல் வருஷம் மாதத்துக்கு ஓர் அங்குலம் வரை வளரும். முழு வளர்ச்சியில் 12 அங்குலம். பத்து வருஷத்துக்கு மேல் வாழும். நீளம் இரண்டு அங்குலத்திலிருந்து பன்னிரண்டு ஆவது ஆறு மடங்கு. ஆனால் மீன் நீளத்தில் மட்டும் வளர்வதில்லை. அகலமும் தடிமனும் கூடவே ஆறு மடங்காகின்றன. ஆறு, ஆறு, ஆறு என்று பெருக்கினால் 216. பையில் வந்த குஞ்சு ஏறக்குறைய இருநூறு மடங்கு எடையுள்ள பிராணியாகிறது. அது தின்பதும் கழிப்பதும் அதற்கேற்பவே பெருகும். 'ஓர் அங்குல மீனுக்கு ஒரு காலன் தண்ணீர்' என்ற பழைய சூத்திரம் சின்ன மீன்களுக்குப் பிறந்தது. அதன்படி பார்த்தால் 12 அங்குல ஆஸ்கருக்கு 45 லிட்டர், அதாவது மூன்று பக்கெட் தண்ணீர் போதும். மூன்று பக்கெட் தண்ணீரில் அதனால் திரும்பக்கூட முடியாது.

'தொட்டிக்குத் தகுந்த வளர்ச்சி' என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. சின்னத் தொட்டியில் வளர்ச்சி குன்றும். கழிவு சேர்ந்து தண்ணீர் கெடுவதால் வரும் குறைபாடு அது. மீனின் செவுள் வழியே வெளியேறும் அம்மோனியா நஞ்சு. ஃபில்டரிலும் மணலிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தண்ணீர் குறைவாக, மீன் பெரிதாக இருந்தால் இந்தச் சக்கரம் திணறுகிறது. மோசமான தண்ணீரில் நாள்பட இருக்கும் ஆஸ்கர்களுக்குத் தலையில் குழி குழியாக விழும் நோய் வருவது மீன் வளர்ப்போர் நன்கறிந்த விஷயம். குன்றிப்போன மீனைக் கச்சிதமான மீன் என்று எடுத்துக்கொள்வது, பட்டினி கிடக்கும் குழந்தையை ஒல்லியான குழந்தை என்று சொல்வதைப் போன்றது.

அளவு பாதிப் பிரச்னை என்றால், மீதிப் பாதி குணம்.

சிக்லிட்கள் சண்டைக்காரர்களாக இருப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. பல மீன்கள் முட்டையிட்டு விட்டுப் போய்விடும். இவை அப்படியல்ல. தட்டையான கல்லில் முட்டையிட்டு, தாயும் தந்தையும் காவல் நின்று, குஞ்சுகளை மேய்த்து வளர்ப்பவை. காவல் காக்க ஓர் எல்லை வேண்டும். எல்லை என்று ஒன்று இருந்தால் அத்துமீறுபவனை விரட்டியாக வேண்டும். ஏரியில் இந்தச் சண்டை பெரும்பாலும் சில விநாடிகள்தான். தோற்றது ஓடிவிடும், வென்றது திரும்பிவிடும். தொட்டியில் தோற்ற மீன் இரண்டடி ஓடியதும் கண்ணாடி வந்துவிடுகிறது. ஜெயித்த மீனின் கண்ணுக்கு அது இன்னும் தன் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. ஆகவே அடி நிற்பதில்லை. காலையில் துடுப்பு கிழிந்து, செதில் உதிர்ந்து ஒரு மூலையில் மேல்மட்டத்தில் மூச்சு வாங்கும் மீனைப் பார்த்து வீட்டார் 'ஏதோ வியாதி' என்று நினைக்கிறார்கள்.

1973ல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் கான்ராட் லோரன்ஸ் சிக்லிட்களின் கோபத்தை நெருங்கிக் கவனித்தவர். இணை சேர்ந்த ஜோடிகளைத் தனித்தனியாக, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து வளர்த்ததைப் பற்றி 1963ல் வெளியான தன் நூலில் எழுதினார். தடுப்புக்கு அப்பாலிருக்கும் அண்டை வீட்டுக்காரனைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கும் வரை ஆண் மீன் தன் துணையிடம் ஒழுங்காக நடந்துகொண்டது. கண்ணாடியில் பாசி படர்ந்து அண்டை வீடு மறையத் தொடங்கியதும் கோபம் துணையின் மீது திரும்பியது. 'ஜோடியாகப் போட்டால் சண்டை வராது' என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

தொட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சண்டை குறையுமா? இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஓல்ட்ஃபீல்டு. மைடாஸ் என்ற மத்திய அமெரிக்க சிக்லிட்டின் இளம் மீன்களை வைத்து அவர் செய்த ஆய்வு 2011ல் வெளியானது. மீன்களின் எண்ணிக்கையையும் தொட்டியின் அளவையும் சிறிய அளவில் மாற்றிப் பார்த்ததில் சண்டையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. இடம் போதிய அளவு பெரிதாகவும், மறைவிடங்கள் நிறைந்ததாகவும் ஆனபோதுதான் சண்டைக்குச் செலவிடும் நேரம் குறைந்தது.

மும்பை வீடுகளுக்கு இந்த முடிவு சொல்லும் சேதி கசப்பானது. இரண்டடித் தொட்டியை இரண்டரை அடியாக மாற்றுவது மீன் வாங்கியவரின் மனசாட்சிக்கு ஆறுதல் தருமே தவிர, மீனுக்கு எதுவும் தராது. ஒன்று, உண்மையிலேயே பெரிய தொட்டி வேண்டும். அல்லது, ஒரே ஒரு மீனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் இடமில்லையென்றால் வேறு மீனைப் பார்க்க வேண்டும்.

அளவைத் தீர்மானிக்க லிட்டரில் தொடங்குவதைவிட மீனின் முழு வளர்ச்சி நீளத்தில் தொடங்குவது நல்லது. தொட்டியின் அகலம் மீனின் நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உடலை வளைக்காமல் திரும்ப முடியும். 12 அங்குல மீனுக்குக் குறைந்தது 18 அங்குல அகலம். நீளம், மீனைப் போல் நான்கு மடங்காவது. ஆக, தனியாக வாழும் ஓர் ஆஸ்கருக்கோ ஃபிளவர்ஹார்னுக்கோ 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதில் விளிம்பு வரை நிரப்பினால் 255 லிட்டர் பிடிக்கும். உயரம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. எல்லை வகுக்கும் மீனுக்குத் தரைதான் சொத்து. ஒய்யாரமாக உயர்ந்து நிற்கும் குறுகிய தொட்டி பார்ப்பவருக்கு அழகு, மீனுக்கு அது கிணறு.

இரண்டு ஆஸ்கர் என்றால் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். அதன் கொள்ளளவு 680 லிட்டர். ஃபிளவர்ஹார்னுக்கு இரண்டாவது என்ற பேச்சே வேண்டாம். அது பெரும்பாலும் தன் இனத்தையே சகிக்காது. எதிரே கண்ணாடியைக் காட்டி அதை ஆவேசப்படுத்தினால் நெற்றி மேடு வளரும் என்று சிலர் செய்வதுண்டு. தோற்காமலும் ஓடாமலும் நிற்கும் எதிரியோடு முடிவில்லாமல் போராட வைப்பது அதிர்ஷ்டத்தைக் கொண்டுவரும் என்று எந்த வாஸ்துவும் சொல்லியிருக்க நியாயமில்லை.

கடைகளில் அன்பளிப்பாக வாங்கப்படும் வழக்கமான தொட்டி 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி. கொள்ளளவு 57 லிட்டர். பெரிய சிக்லிட் எதற்கும் அது வீடாகாது.

சரி, நாலடித் தொட்டியே வாங்கிவிடலாம் என்று முடிவெடுப்பவரைத் தரை நிறுத்தி வைக்கிறது. 255 லிட்டர் தண்ணீர் 255 கிலோ. 8 மி.மீ. கண்ணாடி 40 கிலோவுக்கு மேல். மணல், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் சுமார் 350 கிலோ. ஆறு சதுர அடி இடத்தில் 70 கிலோ ஆட்கள் ஐந்து பேர் இரவும் பகலும் நகராமல் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் வைக்கும் பாரக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அதாவது சதுர அடிக்கு 19 கிலோவுக்குள். தொட்டி நிற்கும் இடத்தில் விழுவது அதைப் போல் மூன்று மடங்கு. நல்ல கான்கிரீட் தளம் பாரத்தைச் சுற்றிலும் பரப்பி ஏற்றுக்கொள்ளும். அதனால் எல்லாத் தளமும் இடிந்துவிடாது. ஆனால் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். அறையின் நடுவில் வைப்பதைவிட, உத்தரம் செல்லும் சுவரை ஒட்டி வைப்பது பாதுகாப்பு.

மாட்டுங்காவில் 1940க்கு முந்தைய கட்டடங்களில் பலர் இன்னும் குடியிருக்கிறார்கள். 30 வருஷம் கடந்த கட்டடங்களுக்குக் கட்டமைப்புத் தணிக்கை அவசியம் என்பது மும்பை மாநகராட்சிச் சட்டம். அப்படிப்பட்ட கட்டடத்தில் தணிக்கை செய்த பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாலடித் தொட்டி வைப்பது கீழ் வீட்டுக்காரருக்குச் செய்யும் அநியாயம். 6 அடித் தொட்டி நிரம்பினால் ஒரு டன்னை நெருங்கும். செம்பூரின் புதிய அடுக்ககங்களில்கூட கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். மாடிப்படி திரும்பும் இடத்தையும் முன்கூட்டியே அளந்துவிடுவது நல்லது. ஆறடிக் கண்ணாடிப் பெட்டி பழைய சால் கட்டடங்களின் படிக்கட்டில் வளையாது. தாராவி வீடுகளில் பலகை போட்ட மேல் தட்டில் எந்தத் தொட்டியும் கூடாது. தரைத்தளத்தில் மட்டும்தான்.

தரைக்கு அடுத்தது தண்ணீர். வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீரையாவது மாற்ற வேண்டும். 255 லிட்டரில் கால் பங்கு 64 லிட்டர், அதாவது நாலு பக்கெட். குடிசைப் பகுதிகளுக்கு மாநகராட்சி வைத்திருக்கும் கணக்கு ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர். வாரத்தில் ஒரு நாள், வீட்டில் இன்னும் ஓர் ஆளுக்கு மேல் கூடியதாக அர்த்தம். விடியற்காலை குழாயடியில் பிடித்து டிரம்மில் சேமிக்கும் வீட்டில், இந்த நாலு பக்கெட்டை யார் தூக்குவது என்பதையும் மீன் வாங்கும் முன்பே பேசிவிட வேண்டும். பெரும்பாலும் மீன் வாங்குவது மகன், தண்ணீர் தூக்குவது அம்மா. மீனைத் தூக்கிப் போடச் சொல்லி முதலில் குரல் எழுப்புவதும் அவரே. அதில் தவறேதும் இல்லை.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை நீக்கக் கடையில் கிடைக்கும் மருந்தைச் சேர்த்தபின் ஊற்ற வேண்டும். புதுத் தொட்டியில் பாக்டீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், தொட்டியை வாங்கிய நாளிலேயே பெரிய மீனை விடுவது அதைச் சாகடிப்பதற்குச் சமம்.

மழைக்காலமும் மின்சாரமும் மும்பைக்கே உரிய இரண்டு சோதனைகள். 2005 ஜூலை 26ல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது யாருக்கும் மறக்காது. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பக்கம் தண்ணீர் தேங்காத பருவமழை அபூர்வம். தரைத்தளத்தில் தொட்டி வைப்பவர்கள் பிளக் பாயின்ட்டை உயரத்தில் வைக்க வேண்டும். 2020 அக்டோபர் 12ல் கிரிட் பழுதாகி நகரம் முழுவதும் மின்சாரம் நின்றபோது ஏர் பம்புகளும் நின்றன. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. தண்ணீர் எவ்வளவு அதிகமோ, பம்ப் நின்ற பிறகு மீன் தாங்கும் நேரமும் அவ்வளவு அதிகம். பெரிய தொட்டிக்கு இது இன்னொரு நியாயம்.

இத்தனையும் படித்தபின் கையிலிருக்கும் அறையை அளந்து பார்த்தால், பல வீடுகளுக்குக் கிடைக்கும் பதில் 'ஆஸ்கர் வேண்டாம்' என்பதாகவே இருக்கும். அது தோல்வியல்ல. சிக்லிட் குடும்பத்தில் சின்ன உருவங்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸ் மூன்று நாலு அங்குலத்தோடு நிற்கும். தென்னமெரிக்காவின் ராம் இரண்டு அங்குலம்தான். இவற்றில் ஒரு ஜோடிக்கு இரண்டடித் தொட்டி ஓரளவு கௌரவமான வீடு. கைதிச் சீருடை போல் கோடுகள் கொண்ட கான்விக்ட்டுக்கு மூன்றடி போதும். ஆனால் அளவுக்கு மீறிய கோபக்காரர் என்பதால் அந்த ஜோடியோடு வேறு யாரையும் சேர்க்கக்கூடாது. முட்டையைக் காவல் காக்கும் தாய் தந்தையரையும், குஞ்சுக் கூட்டத்தை மேய்த்துப் போகும் காட்சியையும் இந்தச் சின்னவர்களிடமும் பார்க்கலாம். பெரிய மீனிடம் மட்டும் கிடைக்கும் அனுபவம், தீனி போடுபவரை அடையாளம் கண்டு கண்ணாடியருகே ஓடிவரும் ஆஸ்கரின் பழக்கம். அதற்காக ஆசைப்படுபவர்கள், ஒன்றே ஒன்று, நாலடித் தொட்டியில் என்ற நிபந்தனையோடு வாங்கலாம்.

செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது. தொட்டி போதாமல் போனபின், இரக்கப்பட்டு மீனைப் பவாய் ஏரியிலோ ஊருக்குப் போகும்போது குளத்திலோ விட்டுவிடுவது. சிங்கப்பூரில் ஃபிளவர்ஹார்ன் மோகம் தணிந்ததும் நீர்த்தேக்கங்களில் அவை தென்படத் தொடங்கின. அமெரிக்காவின் ஃபுளோரிடா கால்வாய்களில் ஆஸ்கர் பல பத்தாண்டுகளாகக் குடியேறி வாழ்கிறது. வெளியூர் சிக்லிட் ஒன்று நம் குளங்களில் என்ன செய்யும் என்பதற்கு ஜிலேபியே சாட்சி. பெரிதாகிவிட்ட மீனைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். மாட்டேன் என்பவரிடம் வாங்காமலிருப்பது உத்தமம்.

கொளத்தூரில் வளர்ந்து ரயிலேறி வந்தாலும், குர்லாவில் கைமாறினாலும், இரண்டு அங்குலக் குஞ்சின் விலை மிகக் குறைவு. செலவு அதற்குப் பிறகு வருவது: ஆறு சதுர அடித் தரை, வாரம் நாலு பக்கெட் தண்ணீர், பத்து வருஷப் பொறுப்பு. 350 சதுர அடி வீட்டில் ஆறு சதுர அடி சின்ன விஷயமில்லை. அதைக் கொடுக்க முடிகிற வீடு மீனை வாங்கட்டும். முடியாத வீட்டில் பாலிதீன் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதும் மீன் மீதுள்ள அன்புதான்.